20-ஆம் வார ஸ்கேனில் சொல்லப்படும் பாலினத்தை எவ்வளவு நம்பலாம்?

கேட்கப்பட்டது இதுதான். முதல் குழந்தையை எதிர்பார்க்கும் ஒரு தம்பதியர், பாலினத்தைத் தெரிவிப்பதற்குத் தடை இல்லாத ஒரு நாட்டில் வசிப்பவர்கள், 20-ஆம் வாரத்தில் எடுத்த ஸ்கேனின் முடிவில் "பெண் குழந்தை மாதிரித் தெரிகிறது" என்ற சொல்லோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். குழந்தை கால்களைக் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தது என்றும், ஸ்கேன் எடுத்தவர் அந்த இடத்தைச் சில நொடிகளே பார்த்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். உறவில் ஒருவருக்குப் பெண் என்று சொல்லி ஆண் பிறந்த கதை வீட்டில் ஏற்கெனவே உலவுவதால், இந்தச் சொல்லை எவ்வளவு நம்புவது, தவறு எப்படி நேர்கிறது, இதற்காகவே இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

நடுக்கர்ப்ப ஸ்கேனில் பிறப்புறுப்புப் பகுதி தெளிவாகக் கண்ணில் பட்டிருந்தால், சொல்லப்பட்ட பாலினம் 100-க்கு 95-க்கும் மேற்பட்ட முறை சரியாகவே இருக்கும். அனுபவமுள்ளவர் நல்ல கோணத்தில் பார்த்திருந்தால் அது 99-ஐ நெருங்கும். ஆனால் இந்தக் கணக்கு பார்த்துச் சொன்ன விடைக்கு உரியது. பார்க்க முடியாதபோது ஊகித்துச் சொன்ன விடைக்கு இது பொருந்தாது. உங்கள் கேள்வியில் எடை மிகுந்த சொல் "பெண்" அன்று, "மாதிரி" என்பதுதான்.

அந்த ஸ்கேன் எதற்காக எடுக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. அனாமலி ஸ்கேன் என்றும் பேச்சு வழக்கில் ஐந்தாம் மாத ஸ்கேன் என்றும் சொல்லப்படும் இந்தப் பரிசோதனை, பொதுவாக 18 முதல் 22 வாரங்களுக்குள் செய்யப்படுகிறது. மூளையில் நீர் தங்கும் அறைகளின் அகலம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, சிறுமூளை சரியாக உருவாகியிருக்கிறதா, மேலுதடு பிளவின்றி இணைந்திருக்கிறதா, இதயத்தின் நான்கு அறைகளும் அதிலிருந்து கிளம்பும் பெருங்குழாய்களும் உரிய இடத்தில் உள்ளனவா, முதுகுத்தண்டு மேலிருந்து கீழ்வரை மூடியிருக்கிறதா, வயிற்றுச் சுவர் முழுமையாக உள்ளதா, இரைப்பையிலும் சிறுநீர்ப்பையிலும் திரவம் தெரிகிறதா, சிறுநீரகங்கள் இரண்டும் இருக்கின்றனவா, கைகால் எலும்புகள் வாரத்திற்கேற்ற நீளத்தில் உள்ளனவா, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைக்கிறதா, பனிக்குட நீர் போதுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிக்க வேண்டிய வேலை அது. அரை மணி நேரத்தை ஒட்டிய அவகாசத்தில், அசைந்துகொண்டே இருக்கும் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள ஓர் உடலில் இவ்வளவையும் தேடிப் பிடிக்க வேண்டும். இதயத்தின் நான்கு அறைகளைப் பார்க்காமல் அந்த அறிக்கை முழுமை பெறாது. பாலினத்தைப் பார்க்காமல் பல இடங்களில் முழுமை பெற்றுவிடும். பெற்றோர் அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருக்க, எடுப்பவர் அதை மிச்ச நேரத்தில் பார்க்கும் ஒன்றாக வைத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. உங்களுக்குக் கிடைத்த சில நொடிகள் அலட்சியத்தின் அடையாளம் என்று நான் கருதவில்லை. மிச்ச நேரம் அவ்வளவுதான் இருந்திருக்கும்.

இனி 20-ஆம் வாரம் ஏன் இதற்குத் தகுந்த காலம் என்பதைப் பார்க்கலாம். விந்தணு எக்ஸ் குரோமோசோமைக் கொண்டுவந்ததா ஒய் குரோமோசோமைக் கொண்டுவந்ததா என்பதைப் பொறுத்து, கருவுற்ற கணத்திலேயே பாலினம் மரபணு அளவில் முடிவாகிவிடுகிறது. ஆனால் உடல் அந்த முடிவை உடனே காட்டுவதில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணும் கணக்கில் ஏறத்தாழ எட்டாம் வாரம் வரை, பின்னாளில் விரையாகவோ சினைப்பையாகவோ மாறப்போகும் திசு, இரு பாலினத்திலும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவே அதை விரையாகும்படி திருப்புகிறது. எஸ்ஆர்ஒய் எனப்படும் அந்த மரபணு 1990-இல்தான் அடையாளம் காணப்பட்டது. விரை உருவானதும் அது டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. அதிலிருந்து உருவாகும் இன்னும் வீரியமான ஒரு வடிவம் வெளி உறுப்புகளை ஆண் வடிவத்திற்கு மாற்றுகிறது. அது இல்லாத இடத்தில் அதே திசுக்கள் பெண் வடிவத்தை எடுக்கின்றன. தொடைகளுக்கு நடுவே மொட்டுப்போல் எழும் ஒரு சிறு மேடு ஒருவரிடம் ஆண்குறியாகிறது, இன்னொருவரிடம் கிளிட்டோரிஸ் ஆகிறது. அதன் இரு பக்கமும் உள்ள வீக்கங்கள் ஒருவரிடம் நடுவில் இணைந்து விரைப்பையாகின்றன, இன்னொருவரிடம் இணையாமல் வெளி இதழ்களாக நிற்கின்றன. இரண்டும் ஒரே மூலப் பொருளிலிருந்து வந்தவை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் குழப்பங்கள் பாதி விளங்கிவிடும்.

இந்த மாற்றம் பெரும்பாலும் 11 முதல் 14 வாரங்களில் நடந்து முடிகிறது. ஏறத்தாழ 14 வாரம் வரை ஆண்குறிக்கும் கிளிட்டோரிசுக்கும் நீளத்தில் சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது. அதனால் 12-ஆம் வார ஸ்கேனில் பாலினம் சொல்பவர்கள் அந்த மொட்டின் நீளத்தைப் பார்ப்பதில்லை. குழந்தையைப் பக்கவாட்டில் பார்த்து, மொட்டு முதுகுத்தண்டின் கோட்டிலிருந்து மேல்நோக்கி எழும்பியிருக்கிறதா, அதற்கு இணையாகக் கிடக்கிறதா என்ற கோணத்தைப் பார்க்கிறார்கள். கோணம் 30 பாகைக்கு மேல் இருந்தால் ஆண், ஏறத்தாழ இணையாக இருந்தால் பெண், இடைப்பட்டிருந்தால் சொல்லாமல் விடுவது நேர்மை. 11-ஆம் வாரத்தில் இந்த முறை பத்தில் ஏழு முறைதான் சரியாக வருகிறது. 13-ஆம் வாரத்தில் பெரிதும் நம்பத்தக்கதாகிவிடுகிறது. உறவினர் கதையைக் கேட்கும்போது, அவருக்கு எந்த வாரத்தில் சொன்னார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பொய்த்துப்போன முன்னறிவிப்புகளில் கணிசமானவை 12-ஆம் வாரத்திலோ அதற்கும் முன்போ சொல்லப்பட்டவை.

20-ஆம் வாரத்தில் கோணத்தை வைத்துக் கணக்கிடத் தேவையில்லை, உறுப்பையே பார்க்கலாம். ஸ்கேனில் பயன்படும் ஒலியான மீயொலி, உடல் திசுவில் நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நொடிக்கு 50 லட்சம் அதிர்வுகளுள்ள ஒலியை அனுப்பினால் அதன் அலைநீளம் 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய ஓர் உறுப்பைப் பிரித்துக் காட்ட அது போதும். சுற்றிலும் பனிக்குட நீர் கறுப்பாகத் தெரிய, அதன் நடுவே தோலின் விளிம்பு வெள்ளையாகத் துலங்கும். தடையாக நிற்பது எலும்புதான்: எலும்பு ஒலியைப் பெருமளவு திருப்பிவிடுவதால் அதற்குப் பின்னால் நிழல் விழுகிறது. தொடைகள் நெருங்கியிருந்தாலோ கால்கள் பின்னிக்கிடந்தாலோ, நாம் பார்க்க வேண்டிய இடம் சரியாக அந்த நிழலுக்குள் போய்விடும்.

சரியான கோணம் எது என்பதை இப்படி விளக்கலாம். குழந்தையை ஒரு கண்ணாடி நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலிக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரு தொடைகளும் இரு பக்கம் விரிந்து தெரியும். நடுவில் இருப்பதே விடை. பெண் குழந்தையாயின், அங்கே ஒன்றுக்கொன்று இணையான மூன்று வெண்கோடுகள் தெரியும்: ஓரங்களில் இரண்டும் வெளி இதழ்கள், நடுவிலிருப்பது உள் இதழ்களும் கிளிட்டோரிசும் சேர்ந்த கோடு. ஆண் குழந்தையாயின், வட்டமான விரைப்பையும் அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஆண்குறியும் தெரியும். ஓட்டுக்கு வெளியே தலையை நீட்டும் ஆமையோடு ஸ்கேன் அறைகளில் இதை ஒப்பிடுவதுண்டு. ஒரு நுணுக்கத்தைச் சேர்க்க வேண்டும். 20-ஆம் வாரத்தில் விரைப்பைக்குள் விரைகள் இருக்காது. அவை இன்னும் அடிவயிற்றுக்குள் இருக்கும். பெரும்பாலான குழந்தைகளில் 25-ஆம் வாரத்திற்குப் பிறகே இறங்கத் தொடங்கும். ஆகவே விரைப்பை இந்த வாரத்தில் உள்ளே ஒன்றுமில்லாத மென்மையான ஒரு வீக்கம். வீங்கிய இதழ்களும் அதே போல் மென்மையான வீக்கமே. நடுவில் பிளவுக்கோடு இருக்கிறதா, இணைந்த தழும்புபோல் இருக்கிறதா என்று பார்த்தே இரண்டையும் பிரிக்க வேண்டும்.

இங்கேதான் நான் வலியுறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. ஆண் என்று சொல்வதற்கு ஒன்றைக் கண்ணால் காண வேண்டியிருப்பதைப் போலவே, பெண் என்று சொல்வதற்கும் ஒன்றைக் கண்ணால் காண வேண்டும். மூன்று கோடுகளைக் கண்டு "பெண்" என்பது ஒரு கண்டறிதல். ஆண்குறி எதுவும் கண்ணில் படவில்லை, ஆகவே "பெண்" என்பது, கதவு மூடியிருந்ததால் வீட்டில் ஆளில்லை என்று முடிவுகட்டுவதற்குச் சமம். இரண்டு விடைகளும் ஒரே சொல்லில் முடிவதால் கேட்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. பெண் என்று சொல்லி ஆண் பிறந்த நிகழ்வுகளில் மிகப் பலவும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை: கால்கள் குறுக்கே கிடந்தன, ஆண்குறி கீழ்நோக்கி மடிந்து தொடைகளுக்குள் ஒளிந்திருந்தது, அல்லது குழந்தை குதிகாலின் மேல் உட்கார்ந்ததுபோல் இருந்தது, எதுவும் தெரியவில்லை என்பது பெண் என்பதாக மொழிபெயர்ந்துவிட்டது.

எதிர்த்திசையில் நேரும் தவறுக்குக் காரணம் வேறு. ஆண் என்று சொல்லிப் பெண் பிறந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தொப்புள்கொடியை. கொடியின் ஒரு வளைவு தொடைகளுக்கு நடுவே வந்து நின்றால், குறுக்குவெட்டில் அது நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பைப் போலவே தோன்றும். இதைத் தீர்த்துவைப்பது எளிது: இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளர் வசதியை ஒரு நொடி இயக்கினால், கொடியில் ஓடும் இரத்தம் சிவப்பும் நீலமுமாக ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தாயின் உடலிலுள்ள ஹார்மோன்களின் விளைவாகப் பெண் குழந்தையின் இதழ்கள் வீங்கி விரைப்பைபோல் தெரிவதும் உண்டு. குழந்தை தன் கையைக் கொண்டுவந்து வைத்திருக்கும்போது விரல் ஒன்று குழப்புவதும் உண்டு. ஒரே காட்சியை வைத்து முடிவு செய்யாமல், சற்று நேரம் விட்டு, குழந்தை அசைந்த பிறகு வேறு கோணத்தில் மறுபடியும் பார்த்து உறுதி செய்பவர்களிடம் இத்தகைய தவறுகள் அரிது.

கண்ணால் நேராத தவறுகளும் இருக்கின்றன. இரட்டையரில் முதலாவது எது, இரண்டாவது எது என்று மாறிப்போவது ஒன்று. இன்னொன்று, சொன்னது ஒன்றும் நினைவில் நின்றது ஒன்றுமாவது. ஸ்கேன் அறையில் சொல்லப்பட்ட "மாதிரி", "போல", "இப்போதைக்கு" என்ற ஒட்டுச் சொற்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் உதிர்ந்துவிடுகின்றன. மறுநாள் உறவினரிடம் சொல்லும்போது வெறும் "பெண்" மட்டும் எஞ்சுகிறது. குழந்தை பிறந்த பிறகு ஸ்கேன் பொய்த்துவிட்டது என்பார்கள். அது பொய்க்கவில்லை, அது அவ்வளவு உறுதியாகச் சொல்லவே இல்லை.

பார்வையின் தெளிவைத் தீர்மானிப்பவை குழந்தை கிடக்கும் நிலை, பனிக்குட நீரின் அளவு, தாயின் வயிற்றுச் சுவரின் தடிமன், கருவியின் தரம், பார்ப்பவரின் பொறுமை ஆகியவை. இவற்றுள் குழந்தையின் நிலை மட்டும் பத்து நிமிடத்தில் மாறக்கூடியது. தாயைப் பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொல்வது, எழுந்து சற்று நடந்துவிட்டு வரச் சொல்வது, இருமச் சொல்வது போன்ற எளிய உத்திகள் இதற்காகத்தான். முப்பரிமாணப் படம் எடுத்தால் துல்லியமாகத் தெரியுமே என்று பலர் கேட்கிறார்கள். இருபரிமாணக் காட்சியில் அந்த இடமே மறைந்திருந்தால் முப்பரிமாணம் அதைத் தோண்டி எடுத்துத் தராது. முகத்தைப் பார்த்து மகிழ அது உதவும், இதற்கு அது பெரிதாக எதையும் கூட்டுவதில்லை.

இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இப்போது பலர் ஸ்கேனுக்கு முன்பே அதைச் செய்துகொண்டு வருகிறார்கள். கர்ப்பிணியின் இரத்தத்தில் கருவின் மரபணுத் துணுக்குகள் மிதக்கின்றன என்பதை 1997-இல் ஆய்வாளர் டென்னிஸ் லோவும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். அதுவும் ஆண் கருவைச் சுமந்த தாய்மாரின் இரத்தத்தில் ஒய் குரோமோசோமின் துணுக்குகளைக் கண்டே காட்டினார்கள். அந்தக் கண்டுபிடிப்பின் மேல் எழுந்த பரிசோதனை 10-ஆம் வாரம் முதல் செய்யப்படுகிறது. டவுன் நோய்க்கூறு போன்றவற்றின் வாய்ப்பை அளவிடுவதே அதன் முதன்மை நோக்கம். பாலினம் அங்கும் உடன்விளைவுதான். பாலினத்தைப் பொறுத்தவரை இது மிகத் துல்லியமானது. ஆனாலும் கவனியுங்கள், இங்கும் அதே தர்க்கம் திரும்ப வருகிறது: ஒய் கிடைத்தால் ஆண் என்பது கண்டறிதல், ஒய் கிடைக்கவில்லை என்றால் பெண் என்பது இல்லாமையிலிருந்து எடுக்கும் முடிவு. கருவின் துணுக்குகள் மாதிரியில் போதிய அளவு இருக்கின்றனவா என்று ஆய்வகம் முதலில் அளந்து பார்ப்பது, இந்த இல்லாமைக்குப் பொருள் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். எதிர்ப்பக்கத்தில், தொடக்கத்தில் இரட்டையாக இருந்து ஒன்று கரைந்துபோன கர்ப்பத்தில், கரைந்துபோன ஆண் கருவின் ஒய் துணுக்குகள் சில காலம் எஞ்சியிருந்து பெண் குழந்தையை ஆண் என்று காட்டிவிடக்கூடும். ஆண் ஒருவரிடமிருந்து உறுப்பு மாற்று பெற்ற தாயிடமும் இந்தக் குழப்பம் நேரலாம்.

இரத்தப் பரிசோதனை ஒன்றும் ஸ்கேன் வேறொன்றும் சொன்னால், யாரோ பிழைவிட்டார்கள் என்று சிரித்துவிட்டுப் போகக் கூடாது. ஆய்வக மாதிரி மாறிப்போனது, ஸ்கேனில் தவறாகப் பார்த்தது ஆகிய எளிய காரணங்களை விலக்கிய பிறகும் முரண்பாடு நீடித்தால், குரோமோசோமும் உடல் வடிவமும் ஒன்றோடொன்று பொருந்தாத அரிய நிலைகள் சில எஞ்சுகின்றன. அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே உள்ள ஒரு நொதிக் குறைபாட்டால் ஆண் ஹார்மோன் மிகுந்து, எக்ஸ் எக்ஸ் குரோமோசோம் கொண்ட குழந்தையின் கிளிட்டோரிஸ் பெரிதாக வளர்வது அவற்றுள் ஒன்று. இந்தக் குறைபாட்டின் ஒரு வகையில் பிறந்த சில வாரங்களுக்குள் உடலிலிருந்து உப்பு வெளியேறி உயிருக்கே ஆபத்து நேரலாம். முன்பே சந்தேகம் எழுந்திருந்தால் பிறந்தவுடன் பரிசோதித்து மருந்து தொடங்கலாம். சிறுநீர்த் துளை ஆண்குறியின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் அமைந்து, விரைப்பை நடுவில் இணையாமல் பிளந்து நிற்கும் குழந்தைகளும் ஸ்கேனில் பெண்ணாகத் தோன்றலாம். மொட்டும் வீக்கங்களும் ஒரே மூலப் பொருள் என்று முன்பே குறிப்பிட்டது இதற்காகத்தான். இத்தகைய ஐயத்தில் "உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று எழுதுவதே சரியான அறிக்கை. அதைக் கேட்டுச் சினம் கொள்ள வேண்டியதில்லை, மரபியல் ஆலோசனைக்குச் செல்ல வேண்டும்.

பாலினத்தை அறிவது மருத்துவ அளவில் உண்மையிலேயே பயன்படும் இடங்களும் உண்டு. இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா, டூஷென் தசைச் சிதைவு நோய் போன்றவற்றின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் மகன்களில் ஒவ்வொருவருக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு, மகள்களோ பெரும்பாலும் சுமப்பவர்களாகவே நின்றுவிடுகிறார்கள். ஹீமோபிலியா குடும்பத்தில் வயிற்றிலிருப்பது ஆண் என்று தெரிந்தால், கருவி கொண்டு தலையை இழுத்தெடுக்கும் பிரசவத்தைத் தவிர்க்கத் திட்டமிடலாம். ஸ்கேனில் சிறுநீர்ப்பை பெருத்து, அதன் அடியில் சாவித்துளை வடிவில் ஒரு விரிவு தெரிந்தால், சிறுநீர்க் குழாயை அடைக்கும் மடிப்பு ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். அது ஆண் குழந்தைகளிடமே காணப்படுவது, ஆகவே பாலினம் அங்கே நோயறிதலின் ஒரு பகுதி. இரட்டையரைத் தாமதமாக முதன்முறை ஸ்கேன் செய்யும்போது ஒன்று ஆணும் மற்றொன்று பெண்ணுமாக இருந்தால், மிக மிக அரிய விதிவிலக்குகள் தவிர, அவை இரு முட்டைகளிலிருந்து வந்தவை. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்வதால் வரும் ஆபத்துகள் பற்றிய கவலை அத்துடன் அநேகமாக நீங்கிவிடுகிறது. இதை எழுதும்போதே ஒன்று தோன்றுகிறது: யாரும் ஆவலோடு கேட்காத இந்த இடங்களில்தான் அந்த விடை மிகுந்த பயன் தருகிறது.

இதயத் துடிப்பு 140-க்கு மேல் இருந்தால் பெண், வயிறு முன்னுக்குத் தள்ளியிருந்தால் ஆண், நஞ்சுக்கொடி வலப்பக்கம் ஒட்டியிருந்தால் இன்னது என்பவற்றைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இரு பாலினத்திலும் கருவின் துடிப்பு நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை இருக்கும். வயிற்றின் வடிவம் தாயின் தசைகளையும் குழந்தை கிடக்கும் நிலையையும் பொறுத்தது. உலகில் ஏறத்தாழ 100 பெண் குழந்தைகளுக்கு 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எதைச் சொன்னாலும் பாதி முறை பலிக்கும். பலித்தவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், பலிக்காதவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சட்டத்தையும் தொட்டுச் செல்ல வேண்டும், ஏனெனில் இந்த விடையைப் படிப்பவர்கள் எல்லோரும் உங்கள் நாட்டில் இருக்க மாட்டார்கள். இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எவ்வகையாலோ தெரிவிப்பது குற்றம். சொல்பவருக்கு மட்டுமன்றி, சொல்லச் சொல்லி நாடிச் செல்பவருக்கும் சிறைத் தண்டனை உண்டு. பெண் கருக்கள் தேர்ந்து அழிக்கப்பட்டதே அந்தச் சட்டத்தின் காரணம். மகனை விரும்பும் போக்கால் 1987-இல் இதே தடையைக் கொண்டுவந்த தென் கொரியாவில், 2008-இல் அரசமைப்பு நீதிமன்றம் அதை ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்த பின் 32 வாரங்களுக்குப் பிறகு சொல்லலாம் என்று தளர்த்தப்பட்டது. 2024 பிப்ரவரியில் அந்த எஞ்சிய தடையும் நீக்கப்பட்டது. அனாமலி ஸ்கேனை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தடை இருக்கும் நாட்டில், மேலே சொன்ன பரிசோதனைகள் முழுமையாக நடந்தனவா என்று கேளுங்கள். பாலினத்தைக் கேட்காதீர்கள்.

உங்களிடம் திரும்பி வருகிறேன். கால்கள் குறுக்கே கிடந்தன, பார்த்தது சில நொடிகள், சொன்னது "மாதிரி" என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்குக் கிடைத்த விடை நான் முதலில் சொன்ன 95-க்கு மேற்பட்ட வகையைச் சேர்ந்தது என்று கொள்ள எனக்குத் துணிவில்லை. பாதிக்குப் பாதி என்பதைவிட அது மேலானது. அதற்கு மேல் அதன் மதிப்பை உயர்த்திப் பிடிக்க முடியாது. இதற்காகவே தனியாக ஒரு ஸ்கேன் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மீயொலியால் கருவுக்குத் தீங்கு என்று நிறுவப்படவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அது திசுவைச் சிறிதளவு சூடாக்கும் ஓர் ஆற்றல் என்பதால், மருத்துவத் தேவைக்கு மட்டும், முடிந்தவரை குறைந்த நேரம் பயன்படுத்துவது என்ற நெறியை மருத்துவ உலகம் கடைப்பிடிக்கிறது. அனாமலி ஸ்கேனில் இதயமோ முதுகுத்தண்டோ சரியாகத் தெரியாததால் மறுபடி வரச் சொல்லியிருந்தால், அல்லது வளர்ச்சியைப் பார்க்க 28 முதல் 32 வாரங்களில் ஸ்கேன் ஏற்பாடாகியிருந்தால், அப்போது கேளுங்கள். அந்த வாரங்களில் ஆண் குழந்தையாயின் விரைகள் இறங்கி, விரைப்பைக்குள் இரு சிறு வட்டங்களாகத் தெரியும் வாய்ப்பு மிகுதி; அதைப் பார்த்த பிறகு வீங்கிய இதழோ என்ற ஐயத்திற்கு இடமில்லை. இடநெருக்கடி கூடியிருப்பதால் சில வேளைகளில் பார்வை கிடைப்பது கடினமாகவும் இருக்கலாம். எப்போது கேட்டாலும் "ஆணா பெண்ணா" என்று கேட்பதைவிட "நேராகப் பார்க்க முடிந்ததா, எதைப் பார்த்தீர்கள்" என்று கேட்பது கூடுதலான செய்தியைத் தரும்.

அதற்கு முன், அன்று தந்த படங்கள் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இரு தொடைகளும் இரு பக்கம் விலகித் தெரியும் ஒரு படத்தில், அவற்றின் நடுவே மூன்று இணையான வெண்கோடுகள் இருந்தால், அது பார்த்துச் சொன்ன "பெண்". "மாதிரி" என்ற சொல் வெறும் தன்னடக்கம். படங்களில் இருப்பவை முகமும் பாதமும் முதுகுத்தண்டும் மட்டும் என்றால், ஆண் குழந்தைக்கும் ஒரு பெயரை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.